ஃபிரேமிங்காம் ஊரார் தந்த கணக்கு

1944 மார்ச் மாதக் கடைசியில், அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் பரிசோதித்த ஹோவர்ட் புரூன் என்னும் இளம் இதயநோய் மருத்துவர், அவருடைய ரத்த அழுத்தத்தை 186/108 என்று குறித்துக்கொண்டார். இதயம் பெருத்திருந்தது, ரத்தத்தை முழுமையாக வெளியேற்ற முடியாமல் தளர்ந்தும் இருந்தது. அதுவரை அதிபரின் உடல்நலத்தைக் கவனித்துவந்த ராஸ் மெக்கின்டயர் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். அதிபர் நலமாக இருக்கிறார் என்றே அவர் வெளியுலகுக்குச் சொல்லிவந்தார். புரூனால் செய்ய முடிந்தவை மிகச் சிலவே: டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்தைக் கொடுத்தார், உப்பைக் குறைத்தார், ஓய்வெடுக்கச் சொன்னார். அழுத்தத்தைக் குறைக்க நம்பகமான மாத்திரை என்று ஒன்று அப்போது இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ரூஸ்வெல்ட் இறந்தபோது அவருக்கு வயது 63. அன்று மேல் அளவு 300-ஐத் தாண்டியிருந்ததாகப் புரூன் 1970-இல் வெளியிட்ட மருத்துவக் குறிப்பு சொல்கிறது.

மெக்கின்டயரைக் குறைசொல்வது எளிது. ஆனால் அவர் மட்டுமல்ல, அக்காலத்து மருத்துவப் பேராசிரியர்களில் பலரும் உயர் ரத்த அழுத்தத்தை நோயாகவே கருதவில்லை. வயது ஏற ஏற ரத்தக்குழாய்கள் விறைத்துப்போகின்றன, அவற்றின் வழியே சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் ரத்தத்தைத் தள்ளுவதற்காக உடல் தானே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது, ஆகவே அதில் கைவைத்தால் தீங்கே விளையும் என்பதுதான் அன்றைய பாடம். வயதோடு நூறைக் கூட்டினால் வருவதே ஒருவருக்குரிய இயல்பான மேல் அளவு என்ற வாய்ப்பாடும் அந்தப் பாடத்தின் வழியே பரவியதுதான்.

அந்த வாய்ப்பாடு இன்னும் சாகவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீடுவீடாக வரும் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர், திருவாரூர்ப் பக்கத்தில் இருக்கும் என் சித்தியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் கையில் பட்டையைச் சுற்றிக் கருவியை அழுத்தியபோது நான் அருகில் இருந்தேன். திரையில் 158/84 என்று வந்தது. “எழுபது வயசுக்கு இதுகூட இல்லாமலா இருக்கும்? கீழ் பிரஷர் சரியாத்தானே இருக்கு” என்றார் சித்தி. நூறும் எழுபதும் நூற்றெழுபது; அதற்கு இன்னும் பன்னிரண்டு பாக்கியிருக்கிறது என்பது அவருடைய கணக்கு. அந்தப் பெண் வாதம் செய்யவில்லை. “ஆத்தா, போன மாசமும் இப்படித்தான் இருந்துச்சு, ஒருதடவை ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போங்க” என்று மட்டும் சொல்லி, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சித்தியின் வாதத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. அவ்விரண்டையும் பிழை என்று நிறுவியது ஓர் ஊரின் மக்கள். கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் எனக்கு அந்த ஊரின் கதை மருத்துவக் கதையாக இருப்பதைவிட, எதை அறிவு என்று ஏற்கலாம், எப்போது ஏற்கலாம் என்பதைப் பற்றிய கதையாகவே நெடுங்காலமாக இருந்துவருகிறது.

ரூஸ்வெல்ட்டின் மறைவுக்குப் பின் அதிபரான ஹாரி ட்ரூமன், 1948 ஜூன் 16 அன்று தேசிய இதயநலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தேசிய இதய ஆய்வு நிறுவனம் அச்சட்டத்தால் பிறந்தது. அதே ஆண்டில், பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில், ஏறக்குறைய 28,000 பேர் வாழ்ந்த ஃபிரேமிங்காம் என்ற ஊரில், 20 ஆண்டுகள் நடத்துவதாகத் திட்டமிட்ட ஓர் ஆய்வு தொடங்கியது. தொழிற்சாலைப் பணியாளர்களும் நடுத்தரக் குடும்பங்களும் நிறைந்த, அதிகமானோர் இடம்பெயராத ஊர் அது. 1917-இல் தொடங்கிய காசநோய் ஒழிப்புச் செயல்விளக்கத் திட்டம் ஒன்றுக்கு ஏற்கெனவே ஒத்துழைத்திருந்த ஊர் என்பதும், ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி அருகில் இருந்தது என்பதும் அதற்குச் சாதகமாக அமைந்தன. கில்சின் மெடோர்ஸ் என்ற இளம் மருத்துவர் ஊர்ப் பெரியவர்களையும் உள்ளூர் மருத்துவர்களையும் பார்த்துப் பேசி இசைவு வாங்கினார். பின்னர் பொறுப்பேற்ற தாமஸ் ராயல் டாபர் 1966 வரை ஆய்வை நடத்தினார்.

ஆண்கள் 2,336 பேர், பெண்கள் 2,873 பேர், மொத்தம் 5,209 பேர் சேர்ந்தார்கள். இதயநோய் என்றாலே ஆண்களின் நோய் என்று எண்ணப்பட்ட காலத்தில் பாதிக்கு மேல் பெண்களைச் சேர்த்தது தனியாகக் குறிப்பிடத்தக்கது. பிற்காலத்தில் நடந்த பெரிய மருந்துப் பரிசோதனைகளில் பல, ஆண்களை மட்டுமே வைத்து நடந்தன. சேர்ந்த ஒவ்வொருவரும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து உடலைக் காட்டினர். ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி., எடை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் என எல்லாம் பதிவாயின. ஆய்வகத்தார் சிகிச்சை எதுவும் அளிக்கவில்லை. கண்டதை அவரவர் குடும்ப மருத்துவருக்கு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள்.

காத்திருந்தார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாரடைப்பு வந்தவர்களை மருத்துவமனைக் கட்டிலில் சந்தித்து “முன்பு எப்படி வாழ்ந்தீர்கள்?” என்று கேட்பது விரைவான வழி, செலவும் குறைவு. ஆனால் அந்தக் கட்டிலுக்கு வந்து சேராதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. மாரடைப்பின் முதல் அறிகுறியே மரணமாக அமைந்தவர்கள் அதில் இடம்பெறமாட்டார்கள். தமக்கு மாரடைப்பு வந்ததே தெரியாமல் வீட்டில் நடமாடிக்கொண்டிருப்பவர்களும் இடம்பெறமாட்டார்கள். ஃபிரேமிங்காமில் இத்தகையோர் சிலர் மட்டும் அல்லர். முறையாக எடுக்கப்பட்ட ஈ.சி.ஜி.யில் மட்டுமே தடம் பதித்து, உரியவரோ அவருடைய மருத்துவரோ அறியாமல் கடந்துபோன மாரடைப்புகள், அங்கே பதிவான மொத்த மாரடைப்புகளில் கால்பங்குக்கும் மேல் இருந்தன. மேலும், நோய் வந்தபின் கேட்டால் நினைவு காரணத்தைத் தேடி அலையும். வேலைப்பளு, மகளின் கல்யாணக் கவலை என எதையாவது பிடித்துக்கொள்ளும். நோய் வருவதற்குப் பத்தாண்டு முன்பே எழுதிவைத்த எண்ணுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

1957-இல் முதல் முடிவுகள் வெளியாயின. 1961-இல் வில்லியம் கேனலும் டாபரும் மற்றவர்களும் எழுதிய ஆறாண்டுக் கண்காணிப்புக் கட்டுரை, உயர் ரத்த அழுத்தம், மிகுந்த கொலஸ்ட்ரால், ஈ.சி.ஜி.யில் தெரியும் இடது இதய அறையின் பெருக்கம் ஆகியவை இதயநோய்க்கு முன்னோடிகளாக நிற்பதைக் காட்டியது. ‘ஆபத்துக் காரணி’ என்று இன்று மருத்துவர்கள் எல்லோரும் வழங்கும் தொடர் பரவக் காரணமானதும் அக்கட்டுரையே. அதை அடுத்துப் புகைப்பழக்கம், சர்க்கரை நோய் முதலியவை ஒவ்வொன்றாக உறுதிப்பட்டன. சித்தியின் முதல் பிழை, வயதானால் அழுத்தம் கூடுவது இயற்கை, ஆகவே தீங்கற்றது என்பது. பெரும்பாலோருக்கு நேர்கிறது என்பதால் ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதை அந்த ஊரின் பதிவேடு காட்டியது: எந்த வயதிலும் அழுத்தம் கூடக்கூட நோயும் கூடியது; ‘இதுவரை பயமில்லை’ என்று கோடு கிழிக்கத்தக்க ஓர் எல்லை தென்படவில்லை. இரண்டாவது பிழை, கீழ் அளவு சரியாக இருந்தால் போதும் என்பது. மருத்துவர்களே அப்படித்தான் நம்பியிருந்தார்கள். கேனலும் சகாக்களும் 1971-இல் இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, மேல் அளவு எவ்வகையிலும் குறைந்ததல்ல, நடுவயதைக் கடந்தவர்களுக்கு அதுவே பெரிது என்று காட்டினார்கள். ஆயினும், முதியோருக்கு மேல் அளவை மட்டும் குறைத்தால் பயன் உண்டு என்று மருந்துப் பரிசோதனை மூலம் உறுதிப்பட 1991 ஆயிற்று. அந்தப் பரிசோதனையில் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது.

இங்கே என் துறைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை, எடை ஆகிய ஐந்தையும் எடுத்து, ஒவ்வொன்றையும் குறைவு, நடுத்தரம், மிகுதி என்று மூன்றாகப் பிரித்தால் 243 கட்டங்கள் கிடைக்கும். ஆண், பெண் என்று பிரித்தால் 486. ஐயாயிரம் பேர் என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அவர்களுள் முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் இதயநோய் கண்டவர்கள் சில நூறு பேர்தான். அவர்களை 486 கட்டங்களில் இறைத்தால் பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும். மீதியில் ஒருவர், இருவர் என்று இருப்பார்கள். எடை மிகுந்தவருக்கே அழுத்தமும் மிகுந்திருக்கிறது, வயதானவருக்கே கொலஸ்ட்ராலும் கூடியிருக்கிறது என்னும்போது, இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்று கட்டம்போட்டுச் சொல்லவே முடியாது. புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட் 1962-இல் கட்டங்களை விட்டுவிட்டு, நோய் வருவதற்கான வாய்ப்பை ஒரு சமன்பாட்டாக எழுதினார். ஒவ்வொரு காரணிக்கும் ஓர் எடைமானம், மற்றவை மாறாதிருக்க அது மட்டும் கூடினால் வாய்ப்பு எவ்வளவு கூடும் என்பதைச் சொல்வது. 1967-இல் ட்ரூயட், கார்ன்ஃபீல்ட், கேனல் மூவரும் அதை ஃபிரேமிங்காமின் பன்னிரண்டாண்டுத் தரவுகளுக்குப் பொருத்திக் காட்டினர். இன்று வங்கிக் கடன் முதல் வாக்காளர் கணிப்பு வரை பயன்படும் லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கு முறை, இத்தனைக் காரணிகளோடு பரவலான புழக்கத்துக்கு வந்ததில் இந்த ஊரின் இதயங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. என் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்களுக்கு ஏனோ மருத்துவத்தைவிட வங்கிக் கடன்தான் சுவாரஸ்யமாக இருக்கிறது.

திட்டமிட்ட 20 ஆண்டுகள் முடிகிற தறுவாயில், போதுமானது கிடைத்துவிட்டது என்று அரசு நிதியை நிறுத்த முனைந்தது. டாபர் தனியாரிடம் நன்கொடை திரட்டினார். பாஸ்டன் பல்கலைக்கழகம் ஆய்வைத் தாங்கிக்கொண்டது. 1971-இல் முதல் தலைமுறையினரின் பிள்ளைகளும் அவர்களின் துணைவர்களும், 2002-இல் பேரப்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது பக்கவாத வாய்ப்பை ஐந்து மடங்காக்குகிறது என்பது 1978-இல் தெரியவந்தது. நிதி நின்றிருந்தால் அது அங்கிருந்து வந்திருக்காது.

இவ்வளவும் சொன்னபின், தொடர் கண்காணிப்பு மட்டுமே போதுமா என்ற கேள்வி எழுகிறது. போதாது என்பதே என் கருத்து. அதற்கு நான் முதலில் காட்டுவது லண்டன் பேருந்துகளை. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், இரட்டை அடுக்குப் பேருந்தின் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக வருகிறது, வந்தாலும் பின்வயதில் வருகிறது, உயிரைப் பறிப்பதும் குறைவு என்று கண்டார். ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே சம்பள நிலை, ஒரே நகரம். ஒருவர் நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறார், மற்றவர் படியேறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். உடலுழைப்பு காக்கிறது என்ற முடிவு தானாகவே வந்து உட்காருகிறது. ஆனால் மாரிஸ் அத்தோடு விடவில்லை. சீருடை தைத்த கணக்கை வாங்கி, கால்சட்டைகளின் இடுப்பளவை வயதுவாரியாகப் பார்த்தார். ஓட்டுநர்கள் இளம்வயதிலேயே நடத்துநர்களைவிட இடுப்பு பெருத்திருந்தார்கள். அப்படியானால் வேலை ஆளை மாற்றியதா, அல்லது ஆளுக்கேற்ற வேலை அமைந்ததா? தன் முடிவுக்கு எதிரான சான்றைத் தானே தேடிப்போய் 1956-இல் அச்சிலும் ஏற்றிய அந்த நேர்மையை, நான் படித்த எந்தப் பாடநூலும் போதிய அளவு பாராட்டவில்லை.

இந்த ஐயம் வெறும் கல்விசார் நுணுக்கம் அன்று என்பதற்கு ‘நல்ல கொழுப்பு’ என்று நம் ரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் இடம்பெறும் எச்.டி.எல். சாட்சி. அது கூடுதலாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதை 1977-இல் ஃபிரேமிங்காம் தெளிவாகக் காட்டியது. அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதையே காட்டின. எனவே அதைக் கூட்டும் மருந்து மாரடைப்பைத் தடுக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்புதானே? டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை வெகுவாகக் கூட்டியது. ஏறத்தாழ 15,000 பேரிடம் நடந்த அதன் பரிசோதனை 2006 டிசம்பரில் அவசரமாக நிறுத்தப்பட்டது. மருந்து உண்டவர்களிடையே சாவு கூடியிருந்தது. அந்த மருந்துக்கே உரிய பக்கவிளைவு என்று சமாதானம் சொல்ல இடமிருந்தது. ஆனால் 2012-இல், பிறவியிலேயே எச்.டி.எல். கூடுதலாக இருக்கச் செய்யும் ஒரு மரபணு வேறுபாட்டைக் கொண்டவர்களைப் பார்த்தபோது, அவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை. ஆக, எச்.டி.எல். குறைவு என்பது உடலில் வேறு ஏதோ சரியில்லை என்பதைக் காட்டும் அடையாளமாக இருக்கலாம். அந்த எண்ணை மட்டும் உயர்த்துவதால் ஆபத்து நீங்குவதில்லை. ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கதையும் இதுபோன்றதே: ஃபோலிக் அமிலத்தால் அதைக் குறைக்க முடிந்தது, மாரடைப்பைக் குறைக்க முடியவில்லை.

‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். இதற்கு நேர்மாறு. கண்காணிப்பு ஆய்வுகள் அதைக் குற்றவாளி என்றன. பரம்பரையாக அது மிகுந்திருக்கும் குடும்பங்களில் இளம்வயதிலேயே மாரடைப்பு வந்தது. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணுவின் செயல் குன்றியதால் வாழ்நாள் முழுவதும் எல்.டி.எல். குறைந்திருந்தவர்களுக்கு மாரடைப்பு மிக அரிதாயிருந்ததை 2006-இல் கண்டார்கள். 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதயநோயாளிகளிடம், எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான சிம்வாஸ்டாட்டினைச் சோதித்தபோது மரணம் 30 சதவீதம் குறைந்தது. வெவ்வேறு வழியாக வந்த சான்றுகள் ஒரே இடத்தில் சந்திக்கும்போதுதான் ‘காரணி’ என்பதிலிருந்து ‘காரணம்’ என்பதற்கு நான் நகர்வேன். ஸ்டாட்டின் எதிர்ப்பு வாட்ஸ்அப் செய்திகள் இவற்றில் ஏதேனும் ஒரு சான்றை மட்டும் பிடித்து உலுக்குகின்றன. மற்றவை பக்கம் திரும்புவதே இல்லை.

அடுத்த கேள்வி நமக்கு நெருக்கமானது. ஃபிரேமிங்காமின் முதல் தலைமுறையினர் ஏறக்குறைய முழுவதும் வெள்ளையர்கள். ஒருவருக்கு இதயநோய் வரும் வாய்ப்பைக் கணிக்க அவர்களிடமிருந்து 1998-இல் வடிக்கப்பட்ட மதிப்பெண் முறை சீனர்களுக்கும் ஜப்பானிய வம்சாவளியினருக்கும் ஆபத்தை மிகைப்படுத்தியது. தெற்காசியர்களுக்கோ குறைத்துக் காட்டுவதாகப் பிரித்தானிய மருத்துவர்கள் கருதினர். ஃபிரேமிங்காம் வழிக் கணக்கில் தெற்காசிய ஆணுக்கு வரும் விடையை 1.4-ஆல் பெருக்கிக்கொள்ளுமாறு 2008-இல் அங்கே வழிகாட்டுதல் வந்தது. பஞ்சாபியும் வங்காளியும் யாழ்ப்பாணத் தமிழரும் ஒரே பெருக்கெண்ணுக்குள் அடங்கினர். அது தற்காலிக ஒட்டுப்போடல்தான். ஆனால் ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட மேல்.

கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் பயின்ற சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து, 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. முதன்முறை மாரடைப்பு வந்தவர்கள் சுமார் 15,000 பேரையும், ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் மற்றவர்களையும் ஒப்பிட்டு, புகை, ரத்தக் கொழுப்பின் விகிதம், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை, மதுப்பழக்கம் சார்ந்த வேறுபாடு என ஒன்பதும் சேர்ந்து ஆண்களில் 90 சதவீத ஆபத்தையும் பெண்களில் 94 சதவீத ஆபத்தையும் விளக்குகின்றன என்றது. எந்த இனத்திலும் பட்டியல் மாறவில்லை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 58.8. நம் நாட்டவரிடம் ஏதோ மர்மமான மரபணு இருப்பதால் அன்று, இதே காரணிகள் இளம்வயதிலேயே வந்து சேர்வதால்தான் பெருமளவுக்கு இந்த இடைவெளி என்று ஆய்வர்கள் வாதிட்டார்கள்.

எனக்கு இந்த முடிவு பெரும்பாலும் ஏற்புடையதே. ஆனால் இது கட்டிலருகே கேள்வி கேட்ட ஆய்வு என்பதை மறக்கக்கூடாது. மன அழுத்தம், உணவு ஆகியவை குறித்து நோயாளி சொன்ன விடைக்கும் அவருடைய ரத்தத்தில் அளந்த கொழுப்புக்கும் ஒரே மதிப்பளிக்க நான் தயங்குவேன். 90 சதவீதம் என்பதும் ஓர் ஊருக்கோ நாட்டுக்கோ உரிய எண். தனியொருவரின் மாரடைப்பில் பத்தில் ஒன்பது பங்கு இவற்றால் வந்தது என்று அதற்குப் பொருளில்லை. சென்னையில் திருமங்கலம், தியாகராய நகர்ப் பகுதிகளின் இரண்டு குடியிருப்புகளில் வைத்தியர் வி. மோகன் குழுவினர் 1,262 பேரிடம் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வு, 11 சதவீதத்தினருக்கு இதயத் தமனி நோய் இருந்ததைக் காட்டியது. அந்நாளில் இருந்த நிலவரத்தைச் சொல்லும் எண் அது. யாருக்கு, எதற்குப் பின், எத்தனை ஆண்டில் வந்தது என்று சொல்ல, ஃபிரேமிங்காமில்போல் பிள்ளைகள், பேரர்கள் வரை பின்தொடரும் பதிவேடுகள் நம் ஊர்களுக்கும் வேண்டும். வீடுவீடாகச் சென்று அழுத்தம் குறிக்கும் நம் தன்னார்வலர்களின் ஏடுகளை அப்படிப் பயன்படுத்த முடியுமா என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. மருந்து வழங்கும் திட்டத்தின் ஏட்டுக்கும் ஆய்வின் ஏட்டுக்கும் உள்ள தூரம் அதிகம்தான், ஆனால் கடக்க முடியாதது அன்று.

மதிப்பெண் முறையைப் பற்றி இன்னொன்று. அது தரும் விடை பத்தாண்டுக்குரியது. அந்தச் சமன்பாட்டில் வயதே எல்லாவற்றையும்விடக் கனமானது. எனவே நாற்பது வயதாகாத ஒருவர் புகைத்தாலும், அழுத்தமும் எல்.டி.எல்.லும் கூடியிருந்தாலும், விடை ‘குறைந்த ஆபத்து’ என்றே வரக்கூடும். என் ஒன்றுவிட்ட தம்பி அப்படிப்பட்ட ஒரு விடையைக் கைப்பேசியில் காட்டி, மருத்துவர் எழுதிய மாத்திரையை வாங்காமல் இருந்தான். ஃபிரேமிங்காம் ஆய்வர்களே 2009-இல் முப்பதாண்டுக் கணக்கு ஒன்றை வெளியிட்டதற்கு இந்தக் குறைதான் காரணம். 2023-இல் அமெரிக்க இதயநலச் சங்கம் வெளியிட்ட புதிய கணக்கும் பத்தாண்டு, முப்பதாண்டு என இரண்டையும் தருகிறது. தம்பியின் அதே எண்களை முப்பதாண்டுக் கணக்கில் இட்டு, வந்த விடையை அவனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டான் என்பதற்கான நீலக்குறி உடனே வந்தது; மாத்திரை வாங்கினானா என்பது அவன் மனைவியைக் கேட்டால்தான் தெரியும்.